அபெனா டூட்டியில் இருக்கிறாள்

சனிக்கிழமை விடியற்காலையில் குமாசி பஸ் நிலையத்தில் கறுப்புத் துணி கட்டாமல் ஒருவர் நின்றால் அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், இல்லை டிக்கெட் பரிசோதகராக இருக்க வேண்டும். மற்ற எல்லாரும் ஏதாவது ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பியவர்கள். எங்கள் ஊரில் செத்தவர் அவசரப்படுவதில்லை. குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் காத்திருப்பார். பந்தலும் மேளமும் சாப்பாடும் கூடிவந்த ஒரு சனிக்கிழமைதான் அவருக்கு நாள்.

அந்தக் கறுப்புக் கூட்டம் முழுவதற்கும் டிக்கெட் கொடுக்கிற சர்வரின் பெயர் அமா. சர்வர் என்றதும் சாப்பாட்டுக் கடையில் தட்டோடு வருபவரை நினைத்தால் அதுவும் பெரிய தப்பில்லை. கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதுதான் இதற்கும் வேலை. எந்த பஸ்ஸில் எந்த இருக்கை காலி, யார் எங்கே ஏறுகிறார் என்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் கிடக்கும். ஊர் ஊராக உள்ள டிக்கெட் ஜன்னல்கள் கேட்கக் கேட்க அமா எடுத்துக் கொடுப்பாள். கூட்டம் மிஞ்சினால் மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுவாள். அவளை எழுப்பி நிறுத்துவது அபெனா நியார்க்கோவாவின் வேலை. பஸ் கம்பெனியின் தலைமை டேட்டாபேஸ் நிர்வாகி, ஐம்பதைத் தாண்டியவர், வாய் ஓயாதவர்.

சர்வர்களுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். எங்கள் ஊரில் பிள்ளைக்கு வைப்பதுபோல, எந்தக் கிழமையில் உயிர் பெற்றதோ அந்தக் கிழமையின் பெயர். அமா சனிக்கிழமைக்காரி. கம்பெனிக் கணக்கைப் பார்க்கிற குவாக்கு புதன்கிழமைப் பையன். பார்சல் பார்க்கிற யா, வியாழன். முதல் வாரம் சொன்ன பேச்சு கேட்டால் பெண் பெயர், முரண்டு பிடித்தால் ஆண் பெயர். செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் எதையும் நிறுவ மாட்டார். செவ்வாயில் பிறந்த பெண் அபெனா, அது அவருடைய பெயர்.

"ஒரே ஆபீஸ்ல ரெண்டு அபெனா இருந்தா, பாஸ் திட்டும்போது எவ வாங்கிக்கறது?" என்பார்.

ஆனால் குமாசியில் பாதிப் பேருக்கு அவரை சர்வர்களோடு தெரியாது. அடோவா ஆடுகிறவராகத்தான் தெரியும். துக்க வீட்டில் ஆடும் ஆட்டம் அது. கால் மெல்ல நகரும், பேச்செல்லாம் கையில். பருத்த உடம்புதான், ஆனால் அபெனாவின் கை உயர்ந்தால் அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைத் துடைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்கள். ஒரே குறை: ஆட்டம் பாதியில் இருக்கும்போது இடுப்பு மடிப்பில் கைப்பேசி அதிரும். அமா விழுந்திருப்பாள். முரசைப் பார்த்து ஒரு கும்பிடு, பிறகு ஓட்டம். மடிக்கணினியைக் காரின் முன்மூடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் துணி கட்டிய பெண்மணியை எத்தனையோ துக்க வீடுகள் பார்த்திருக்கின்றன. அக்கம்பக்கத்து ஆட்டக்காரி பினாமாங் அவருக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்: அரை ஆட்டம்.

அபெனாவுக்கு முரசடித்தவர் துமாசி. வயதுக்கு மரியாதையாக எல்லாரும் அஜா துமாசி என்போம். அவர் கடைசியாக அடித்த ஆட்டத்தையும் அபெனா பாதியில் விட்டு ஓடினார். பிறகு அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது அபெனா ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனார்.

"உன் அமா படுத்தா நீ ஓடுற" என்றார் கிழவர். "அடுத்து நான் படுக்கப்போறேன். எனக்கு முழு ஆட்டம் வேணும், அபெனா. பாதியில ஓடுன, எந்திரிச்சு வந்து குச்சியாலயே போடுவேன்."

"சத்தியமா முழுசா ஆடுறேன், அஜா."

"சத்தியத்தை நீயே வெச்சுக்க. போனை வீட்டுல வெச்சுட்டு வா."

அந்த மாதமே அவர் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள். அபெனாவின் கவலையெல்லாம் அந்த ஒரு நாளைப் பற்றியே இருந்தது. அமா எந்தச் சனிக்கிழமைதான் விழாமல் இருந்திருக்கிறாள்?

அப்போதுதான் மேனேஜர் ஜாம்ஃபி அவரைக் கூப்பிட்டு, அனுபவமுள்ள நிர்வாகிகளுக்கு என்று ஒரு பயிற்சி நடக்கிறது, போய்வாருங்கள் என்றார். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை சர்வர்களையே செய்யவைப்பது எப்படி என்று சொல்லித்தருவார்களாம். வேறு நேரமாக இருந்தால் அபெனா சிரித்திருப்பார். இப்போது பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வகுப்பு அடும் என்கிற கடைத்தெருவில் ஒரு மாடி அறையில். பாங்கு, பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, தண்ணீர் வாரியம் என்று ஊரின் டேட்டாபேஸ் நிர்வாகிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நரைத்த தலைகள், தூக்கம் கெட்ட கண்கள். ஆளுக்கொரு கைப்பேசியை மேசைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் வைத்தவர்கள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லித்தர வந்தவர் செலோர்ம். வோல்டா ஆற்றுப் பக்கத்து எவே இனத்து ஆள். எங்கள் ட்வி மொழியை நொறுக்கி நொறுக்கிப் பேசுவார். முதல் வேலையாகத் துணி துவைக்கிற பிளாஸ்டிக் பேசின் ஒன்றை நடுவில் வைத்தார்.

"போனெல்லாம் இதுல போடுங்க."

"எங்க பாங்க் விழுந்துட்டா?" என்றார் பாங்கிலிருந்து வந்தவர்.

"விழட்டும், அண்ணே. நீங்க பாத்துக்கிட்டே இருக்கறதாலதான் அது நிக்குதுன்னா, அது பாங்க் இல்ல, கைக்குழந்தை."

மத்தியானத்துக்குள் பேசின் சூப்புப் பானைபோலக் கொதிக்க ஆரம்பித்தது. ஒன்று அடங்கினால் ஒன்று அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் யாராவது ஒருவர் நாற்காலியிலிருந்து அரையடி எழுந்து உட்கார்வார்.

செலோர்மின் பாடம் சுருக்கமானது. ஒரு வேலையை இரண்டு முறை கையால் செய்தாயா, மூன்றாவது முறை அதைச் செய்ய நாலு வரிக் கட்டளை எழுதிவை, அதுதான் ஸ்கிரிப்ட். இடம் நிறைந்தால் பழையதை ஒதுக்க ஒரு ஸ்கிரிப்ட். நகல் எடுக்க ஒன்று, எடுத்த நகல் நல்லதா என்று திறந்துபார்க்க ஒன்று. வாரம் ஒருமுறை சர்வரை நிறுத்திச் சுத்தம் செய்து எழுப்ப இன்னொன்று. "கையை எடுங்க, கையை எடுங்க" என்று சொல்லிக்கொண்டே மேசைகளுக்கு நடுவில் நடப்பார். விசைப்பலகை பக்கம் போன கை எல்லாம் மடிக்குத் திரும்பும்.

பெயர் விஷயத்தில்தான் சண்டை வந்தது.

"பேரு வெக்காதீங்க. நம்பர் போடுங்க. பேரு வெச்சா பாசம் வரும், பாசம் வந்தா ராத்திரியெல்லாம் பக்கத்துல உக்காருவீங்க."

அபெனா எழுந்தார். "மாஸ்டர், கிழமை இல்லாம பொறந்தது எது? உங்களுக்கு ஒரு கிழமை இருக்குல்ல?"

"இருக்கு. சொல்ல மாட்டேன்."

அறையே பரிதாபமாக உச்சுக்கொட்டியது. அந்த விஷயத்தில் அபெனா பக்கம்தான் மொத்த வகுப்பும்.

அபெனா அதோடு விடவில்லை. எங்களில் ஒவ்வொருவருக்கும் பிறந்த கிழமை ஆன்மாவின் நாள். அபெனா செவ்வாய்க்கிழமைகளில் யாரோடும் சண்டை பிடிக்க மாட்டார், மசித்த கிழங்கும் அவித்த முட்டையும் சாப்பிட்டுச் சாந்தமாக இருப்பார். அதையே தன் ஸ்கிரிப்டில் எழுதினார்: எந்த சர்வரானாலும் அதன் பெயரைப் பார், அந்தப் பெயருக்குரிய கிழமையில், ஊர் அடங்கியிருக்கிற விடியற்காலையில், அதற்கு ஓய்வு கொடு. வேறு யாரும் எழுத முடியாத அழகான நாலு வரி. பெயரே வேண்டாம் என்ற செலோர்மே கைதட்டினார். வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனிக்கிழமை அந்த அறைக்குள் வரவேயில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சை. செலோர்ம் பெரிய பானைகளில் ஃபூஃபூவும் ஆட்டுக்கறிச் சூப்பும் வரவழைத்தார்.

"எல்லாரும் சாப்பிடுங்க. நீங்க சாப்பிடறப்ப நான் உங்க பயிற்சி சர்வர்களை ஒவ்வொண்ணா கெடுப்பேன். கை கழுவிட்டு எந்திரிச்சவங்க ஃபெயில்."

குழைந்த மாவை விரலால் கிள்ளிச் சூப்பில் முக்கி விழுங்குகிற சாப்பாடு. முழங்கை வரை வழியும், வயிறு நிறைந்தால் கண்ணும் சொருகும். அந்தக் கையால் ஒரு விசையையும் தொட முடியாது. செலோர்ம் ஒன்றின் இடத்தைக் குப்பையால் நிரப்பினார், இன்னொன்றின் கழுத்தை நெரித்தார். பல்கலைக்கழகக்காரர் தாங்காமல் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பாய்ந்தார். பாங்குக்காரர் முழங்கையால் தட்டப் பார்த்தார், மாட்டிக்கொண்டார். அபெனாவின் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கை சூப்பிலிருந்து பாதி எழுந்தது, அங்கேயே நின்றது. ஸ்கிரிப்ட் தானாக ஓடியது. விளக்கு பச்சையானது. நின்ற கை திரும்பச் சூப்புக்குள் இறங்கி ஒரு கறித்துண்டோடு வந்தது.

"இன்னும் கொஞ்சம் சூப் ஊத்துங்க" என்றார்.

மறு வாரம் புதன்கிழமை அந்த ஸ்கிரிப்டைக் கம்பெனி சர்வர்களில் ஏற்றினார். வியாழன் விடியலில் யா கண்ணயர்ந்தாள், சுத்தமாகி எழுந்தாள், ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளி இரவு அபெனா வாழ்க்கையில் முதல்முறையாகக் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்தார். அஜா துமாசியின் துக்கத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

விடியற்காலையில் கம்பெனி டிரைவர் வாசற்கதவை உடைக்காத குறையாகத் தட்டினான்.

"ஆன்ட்டி! அமா எந்திரிக்க மாட்டேங்கறா! ஸ்டேஷன் பூரா கறுப்பா இருக்கு!"

அமா சனிக்கிழமைக்காரி. சொன்னபடி தன் நாளில், சொன்ன நேரத்தில், மரியாதையாக ஓய்வெடுக்கப் போயிருந்தாள். வாரத்தில் மற்ற விடியல்களில் நாய்கூட டிக்கெட் கேட்காது. சனிக்கிழமை விடியல் ஒன்றுதான் ஊரே கேட்கும்.

நிலையத்தில் கறுப்பும் சிவப்புமான துக்கத் துணியில் ஜனம் முட்டி மோதியது.

"மெஷினுக்கு என்னடா ஆச்சு?"

"ரெஸ்ட் எடுக்குதாம்."

"நாங்க மட்டும் என்ன டான்ஸ் ஆடவா போறோம்?"

"ஆமா, பின்ன? ஆடத்தானே போறோம்!"

"யோவ், சிரிக்காதய்யா. நான் போகாம எங்க மாமாவைப் புதைக்க மாட்டாங்க. ஐஸ்லயே கெடப்பாரு."

அபெனா இரவு உடுப்பின்மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்து அமாவைக் கையால் எழுப்பினார். பஸ்கள் கிளம்பின. துக்கங்கள் தாமதமாகத் தொடங்கின. மேனேஜர் ஜாம்ஃபி எல்லாருக்கும் முன்னால் கையை உயர்த்தினார்.

"இனிமே இந்தத் தானா ஓடுற வேலையை நம்பி சனிக்கிழமைய விட மாட்டேன். சனிக்கிழமைன்னா அபெனா டூட்டில இருக்கணும். அவ்வளவுதான்."

"பாஸ், அடுத்த சனிக்கிழமை அஜா துமாசி..."

"எனக்குத் தெரியாதா? நானும்தான் வர்றேன். ஆனா அமா விழுந்தா தூக்கி நிறுத்த ஒரு ஆள் வேணுமா வேணாமா?"

அன்று மாலை அபெனா செலோர்முக்குப் போன் போட்டார். நடந்ததைக் கேட்டதும் அந்தப் பக்கத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

"சிரிங்க, மாஸ்டர், சிரிங்க. இப்பவாவது சொல்லுங்க, எந்தக் கிழமை பொறந்தீங்க?"

"சனிக்கிழமை, ஆன்ட்டி."

"நெனச்சேன்!"

"நாளை மாத்திடுங்க, ஒரே வரிதானே."

"அது காலையிலயே மாத்தியாச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சு நேரத்துல படுத்துக்கடின்னு சொல்லிட்டேன். பிரச்சனை அது இல்ல. படுக்கச் சொல்லாட்டியும் சனிக்கிழமைக் கூட்டத்துல அவ விழத்தான் விழுவா. தூக்க ஆள் வேணும்னு பாஸ் சொல்றாரு. தப்புன்னு எப்படிச் சொல்றது?"

"தூக்க ஆள் எதுக்கு? அவ விழுந்ததும் அவ எடத்துல நிக்க இன்னொருத்தி போதும். ரெட்டைப் பிள்ளை மாதிரி. ஒருத்தி கொடுக்குற ஒவ்வொரு டிக்கெட்டும் அந்த நிமிஷமே இன்னொருத்தி மனசுலயும் ஏறிக்கிட்டே இருக்கும். முதல்ல இருந்தவ பதில் சொல்லலன்னா ரெண்டாமவ கடையைத் தொறந்துடுவா. வெள்ளிக்கிழமை மத்தியானம் பூரா அதைத்தானே நடத்தினேன்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானமா? ஃபூஃபூவுக்குப் பெறகா?"

"ஆமா."

"மாஸ்டர், அப்ப நீங்க நாற்காலிங்களுக்குப் பாடம் எடுத்திருக்கீங்க. நாங்க யாரும் அங்க இல்ல."

பார்சல் அறையில் கோணி மூட்டைகளுக்குப் பின்னால் வேலையில்லாமல் ஒரு சர்வர் கிடந்தது. அதைத் துடைத்து, அமாவுக்குப் பக்கத்தில் வைத்து, செலோர்ம் போனில் சொல்லச் சொல்ல, அமாவின் மனசையெல்லாம் அதற்கு ஊட்டி முடித்தபோது செவ்வாய்க்கிழமை ஆகியிருந்தது. புதன் வரை தள்ளிப்போட அந்த வாரத்தில் நேரம் இல்லை. முரண்டும் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அதற்கு அபெனா என்று பெயர் வைத்தார்.

டிக்கெட் ஜன்னல் பெண் வந்து எட்டிப்பார்த்தாள். "மூத்தவ சனிக்கிழமை, இளையவ செவ்வாய்க்கிழமையா? ரெட்டைப் பிள்ளைங்கறீங்க, அந்தத் தாய் என்ன பாடு பட்டிருப்பா, ஆன்ட்டி!"

அன்று மத்தியானம் அபெனா ஒரு தட்டு ஃபூஃபூவோடு சர்வர் அறையில் உட்கார்ந்து, கை சூப்பில் இருக்கும்போது டிரைவரிடம் அமாவின் மின்கம்பியைப் பிடுங்கச் சொன்னார். ஜன்னலில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மிச்சச் சில்லறை சரியா என்று பார்த்துக்கொண்டு போனார்.

அமாவின் இடத்தில் இளையவள் வந்து நின்றால் தனக்கும் மேனேஜருக்கும் செய்தி வரும்படி ஒரு வரி எழுதினார். வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் தலையை நீட்டி, "நாளைக்கு அபெனா டூட்டில இருப்பா, பாஸ்" என்றார்.

"ரொம்ப நல்லது" என்றார் ஜாம்ஃபி. வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அஜா துமாசிக்கு ஊர் திரண்டது. பந்தல் ஓரத்தில் வைத்த நாற்காலிகள் தெருவரை போயின. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவதாக இருந்தார் அபெனா. கடைசி நொடியில் கை வரவில்லை. அது வழக்கம்போல இடுப்பு மடிப்பில் இருந்தது. முன்வரிசையில் பினாமாங் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"வா வா. பாதி பாத்துட்டுப் போலாம்னுதான் வந்திருக்கேன்."

அபெனா முரசுக்காரர்களைக் குனிந்து கும்பிட்டார். துமாசியின் மருமகன் அடிக்கத் தொடங்கினான். பேசும் முரசு அது. முதலில் செத்தவரின் பெயரைச் சொன்னது, பிறகு அபெனாவை அழைத்தது. அபெனா இரண்டு கையையும் தலைமேல் வைத்தார். துக்கம் என்று அர்த்தம். பந்தல் அடங்கியது. கை இறங்கி மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டது, பிரிந்தது, காற்றில் எதையோ தேடிச் சுழன்றது. கால் மண்ணை விட்டு எழுந்ததாகவே தெரியவில்லை.

ஆட்டம் நடுவுக்கு வந்தபோது இடுப்பு அதிர்ந்தது.

வலது கை இறங்கியது. பினாமாங் முன்னால் சாய்ந்தார். முரசடிப்பவன் கண்ணை மூடிக்கொண்டான். பாதி வழியில், தொப்புளுக்கு நேரே, அந்தக் கை நின்றது. ஐந்து விரலும் விரிந்து, ஈரக் கையை எதிலும் படாமல் வைத்திருப்பதுபோல, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மேலே போனது. இன்னொரு கையும் சேர்ந்துகொண்டது. பந்தல் "ஓ" என்றது. அது எந்தக் காலத்து அபிநயம், என்ன பொருள் என்று பெரியவர்கள் அப்புறம் வெகுநேரம் விவாதித்தார்கள்.

அதே நேரம் மூன்றாவது வரிசையில் மேனேஜர் ஜாம்ஃபியின் பையும் அதிர்ந்திருந்தது. அவர் எடுத்துப் படித்தார்: அமா படுத்துவிட்டாள். அபெனா டூட்டியில் இருக்கிறாள்.

நல்லது என்று தலையாட்டினார். நிமிர்ந்தார். எதிரே அபெனா ஆடிக்கொண்டிருந்தார். திரும்பவும் படித்தார். திரும்பவும் நிமிர்ந்தார். நிலையத்துக்குப் போன் போட்டார்.

"டிக்கெட் ஓடுதா?"

"ஜோரா ஓடுது, பாஸ்."

"யாரு பாத்துக்கறா?"

"அபெனா, பாஸ்."

"எந்த அபெனாடா? இங்க எனக்கு முன்னால ஒருத்தி..."

"இது புதுசு, பாஸ். செவ்வாய்க்கிழமை வந்துச்சே."

ஜாம்ஃபி கைப்பேசியைப் பையில் போட்டார். எழுந்தார். வரிசைகளைத் தாண்டி ஆடுகளத்துக்குள் நடந்தார். அவர் வருவதைப் பார்த்தும் அபெனா நிறுத்தவில்லை. இழுத்துக்கொண்டு போனாலும் ஆடிக்கொண்டே போவது என்று முடிவு செய்தவர்போல இருந்தார். ஜாம்ஃபி அவர் எதிரில் வந்து நின்றார். பிறகு வலது கையை உயர்த்தி, இரண்டு விரலை நீட்டி, அபெனாவின் தலைக்கு மேல் பிடித்தார். ஆட்டக்காரருக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை அது, அதற்கு மேல் எங்களிடம் இல்லை. பின்னாலேயே இன்னும் பத்துப் பேர் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

முரசு தானாக முடிந்தபோது ஆட்டமும் முடிந்தது. சவப்பெட்டியின் பக்கம் திரும்பி, அஜா, குச்சியைக் கீழே வைங்க என்று அபெனா சொன்னதை அருகில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

நாற்காலிக்கு வந்து வேர்வையைத் துடைத்தபோது பினாமாங் தண்ணீர்ப் பாக்கெட் ஒன்றைப் பல்லால் கடித்து நீட்டினார்.

"கெடுத்துட்டியே. அரை ஆட்டம் போச்சு. இனிமே உன்ன என்னன்னு கூப்பிடறது?"

அபெனா தண்ணீரை உறிஞ்சி முடித்தார்.

"அபெனான்னே கூப்பிடு. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தி திரும்பிப் பாப்போம்."